பழைய நிலமும் ஆயிரம் கோள்களும்

அன்புள்ள ஐயா,

2023ஆம் ஆண்டின் வீடியோ கேம்களைப் பற்றிய கட்டுரையில் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமுக்கு முதலிடம் தந்து, விண்வெளி கேமான 'ஸ்டார்ஃபீல்ட்' பெரும் ஏமாற்றம் என்று எழுதியிருந்தீர்கள். 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமின் நிலத்தையே மீண்டும் 70 டாலருக்கு விற்றவர்களைப் பாராட்டிவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைப் படைத்தவர்களைக் குறை சொல்வது நியாயமா? அந்த ஆண்டின் விருதுகளை அள்ளிய 'பால்டர்ஸ் கேட் 3' ஏன் முதலிடத்தில் இல்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமின் நிலம் பழையது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வானத்தீவுகளும் பாதாளமும் புதிதாகச் சேர்ந்திருந்தாலும், நாம் பெரும்பாலும் நடமாடுவது முந்தைய கேமில் பார்த்த அதே ஹைரூல் நாட்டில்தான். ஆனால் முந்தைய கேமில் மழை பெய்தால் கால் வழுக்கி ஏறமுடியாமல் நின்ற அதே பாறைச்சரிவை, இப்போது பலகையையும் விசிறியையும் ஒட்டி நாமே செய்த ஏதோ ஒரு கோணல்மாணலான ஊர்தியில் கடக்கும்போது, தெரிந்த இடமே வேறொரு கேள்வியாக மாறி நிற்கிறது. குகைக்கூரையின் வழியாக மேலே எழும் ஆற்றல், கேமை உருவாக்கியவர்கள் சோதனையின்போது குகைகளிலிருந்து சட்டென வெளியேறத் தங்களுக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழியாம். அதை ஆடுபவர் கையிலேயே கொடுத்துவிடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

'ஸ்டார்ஃபீல்ட்' மோசமான கேம் அல்ல. விண்கலத்தை நம் விருப்பப்படி வடிவமைக்கும் பகுதிக்காகவே அதைப் பரிந்துரைப்பேன். ஆயினும் ஒரு கோளில் கண்ட கைவிடப்பட்ட ஆய்வகம், அறைகளும் அங்கே கிடக்கும் குறிப்புகளும்கூட மாறாமல் இன்னொரு கோளிலும் எதிர்ப்பட்டபோது, அடுத்த கோளில் இறங்கும் ஆவலே எனக்கு அற்றுப்போனது. வெற்றுவெளியில் நெடுந்தூரம் நடந்துதான் அந்த ஆய்வகத்தை அடையவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் ஓட்டும் வண்டி 2024 ஆகஸ்டில்தான் வந்தது.

2023இலேயே வந்த 'ரெட்ஃபால்' என்ற கேம் 'ஸ்டார்ஃபீல்ட்'டைவிடப் பலமடங்கு குறைபாடுள்ளது என்று நீங்கள் சொல்லலாம். அதனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. 'ஸ்டார்ஃபீல்ட்' வந்ததோ 2011இல் 'ஸ்கைரிம்' கேமைத் தந்தவர்களிடமிருந்து. போகவேண்டிய பாதையை விட்டு விலகி நடந்தால் அங்கே ஏதேனும் ஒன்று காத்திருக்கும் என்ற பழக்கத்தை என்னைப் போன்றவர்களுக்கு ஏற்படுத்தியவர்களே அவர்கள்தானே.

'பால்டர்ஸ் கேட் 3' என் பட்டியலில் இரண்டாவது. எழுத்திலும் பாத்திரப் படைப்பிலும் அந்த ஆண்டில் அதை மிஞ்சியது வேறெதுவுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் அங்கத்தில் நகருக்குள் நுழைந்ததும் முடிக்கவேண்டிய கிளைக்கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிய, முதல் அங்கத்தின் காடுகளில் எனக்கு வாய்த்த நிதானம் கலைந்துவிட்டது. முதலிடம் கைநழுவியது அங்கேதான்.