பீடமும் சிலையும்

கேள்வி: ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். ‘நல்லதையே நினையுங்கள்’ என்று எல்லோரும் சொல்வது, என்னை நானே ஏமாற்றிக்கொள்ளச் சொல்வதாகவே படுகிறது. மகிழ்ச்சியை எங்கே தேடுவது?
– வாசகி, தக்கலை

பதில்: துன்பத்தை இல்லையென்று சாதிப்பது நம்பிக்கை ஆகாது, உங்கள் ஐயம் நியாயமானதே. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், நேர்ந்த தீங்கை ‘இது என்றைக்கும் நீடிக்கும், எல்லாவற்றையும் கெடுக்கும், முழுக்க என் குற்றமே’ என்று விளக்கிக்கொள்ளும் பழக்கத்தில்தான் அவநம்பிக்கை வளர்கிறது என்றும், அவ்விளக்கம் உண்மைதானா என்று நம்மை நாமே கேட்கப் பயிலலாம் என்றும் கூறினார். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுபவர், மழையால் ஒரு நாள் வேலை கெட்டால் மரமே பட்டுப்போயிற்று என்று எண்ணுவதில்லை.

மகிழ்ச்சியைத் தனியே தேடிப் போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையில், பொருளையும் இன்பத்தையும் குறிக்கும் 95 அடி உருவம், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடத்தின் மேல்தான் நிற்கிறது. (படகுக்கு வரிசையில் நிற்கும் அவசரத்தில் இதைக் கவனிப்பவர் குறைவு.) பிறருக்குப் பயன்படும் வேலையே அந்தப் பீடம் என்று நான் கொள்கிறேன். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் இரண்டு பேர் மட்டுமே வந்தாலும் நிறுத்திவிடாதீர்கள்.