பாடம் எந்த இடத்தில் நின்றது? (கேள்வி பதில்)

31 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு. வகுப்பில் நடக்கும் பாடங்களைப் பற்றிப் பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வாரக் கடைசியில் ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்றோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், டீச்சர். நான் எல்லாவற்றுக்கும் 'நன்றாகப் புரிந்தது' என்றே எழுதுகிறேன். வேறு என்னதான் எழுத?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருவட்டாறு)

மக்களே, 'நன்றாகப் புரிந்தது' என்று நீ எழுதினால் உன் டீச்சர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடுவார். பாடம் உனக்கு எந்த இடத்தில் நின்றது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதை எழுது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: "ஏ கூட்டல் பி, அதன் வர்க்கம் என்றால் ஏ வர்க்கமும் பி வர்க்கமும் போதாதா? நடுவில் 2ஏபி எங்கிருந்து வந்தது?" இரண்டே வரிதான். மறுநாள் கிராஃப் தாளில் 5க்கு 5 கட்டம் வெட்டிக்கொண்டு போனேன். ஏ 3, பி 2 என்று வைத்து, 3 கட்டம் தள்ளி நெடுக்கில் ஒரு கோடு, குறுக்கில் ஒரு கோடு. கோட்டில் வெட்டினால் நாலு துண்டு. பெரிய சதுரத்தில் 9 கட்டம், சின்னதில் 4. கூட்டினால் 13தான் வருகிறது. மொத்தம் 25 இருந்ததே, மீதி 12 எங்கே? மேசையில் மிச்சம் கிடந்த இரண்டு துண்டுகளிலும் 3க்கு 2, ஆறாறு கட்டம். அவள் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வைத்து, விளிம்பு சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். "இதுதானா டீச்சர் ரெண்டு!" என்றாள். அந்த இரண்டு வரியை அவள் எழுதாமல் விட்டிருந்தால் நான் கத்தரிக்கோலை எடுத்திருக்கவே மாட்டேன்.

எல்லாப் பாடமும் ஒரே மாதிரி நிற்பதில்லை. கணக்கில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நிற்கும். வரலாற்றில், 'ஏன்' என்று கேட்காமல் விட்ட இடத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் பல நேரம் ஒரே ஒரு சொல்லில்தான் நின்றிருக்கும், நாம் பாடமே புரியவில்லை என்று நினைத்திருப்போம். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவதே பாதிப் படிப்பு.

வரலாற்றில் வருடங்கள் மனதில் நிற்பதே இல்லை. பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் போய்விடுகிறது.
(பத்தாம் வகுப்பு மாணவன், குளச்சல்)

குளச்சலில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா மக்கா! உன் ஊரில் நிற்கும் வெற்றித்தூணைத் தினமும் பார்ப்பாய். 1741இல் டச்சுக்காரர்கள் உன் கடற்கரையில்தான் வந்து இறங்கினார்கள். எதற்கு? மிளகுக்கு. மிளகு வியாபாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. அது அவர்கள் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. அப்போது திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம், குளச்சலிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். வந்தவர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், தன்னைத் தோற்கடித்த ராஜாவிடமே சேர்ந்து அவர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

இந்த 1741ஐ ஒரு ஆணி மாதிரி அடித்துக்கொள். பிளாசிப் போர் 1757, அதாவது குளச்சலுக்கு 16 வருடம் கழித்து. இங்கே ஒரு கம்பெனி தோற்றது, அங்கே வங்காளத்தில் வேறொரு கம்பெனி, ஆங்கிலேயருடையது, ஜெயித்தது. ஏன் அப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாயானால் இரண்டு வருடமும் சேர்ந்தே மனதில் நிற்கும். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1ஐ உன் தாத்தாவிடம் கேள். அவருக்கு நேரில் நினைவில்லை என்றாலும், அவர் அப்பா சொன்னது ஏதாவது இருக்கும்.

எங்கள் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறார். நானும் லீவு நாளில் கூடப் போவேன். வேதியியல் மட்டும் எனக்கு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.
(பத்தாம் வகுப்பு மாணவன், குலசேகரம்)

உன் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ வேதியியலுக்கு நடுவில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறாய்.

உன் அப்பா ஏன் இருட்டோடு எழுந்து போகிறார்? வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும், மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் ஒழுகுவதும் குறையும். இதுவரை உயிரியல். அப்புறம் சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விடுகிறாரே, அங்கே தொடங்குகிறது வேதியியல். பாலில் ரப்பர் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்சுமை. ஒரே மாதிரிச் சுமை உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் ஒட்டாமல் மிதக்கின்றன. ஆசிட் விட்டதும் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி நேர்ச்சுமையோடு வந்து அந்தத் தள்ளுதலைக் கெடுத்துவிடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைந்து கட்டியாகிறது. பாடத்தில் வரும் 'அயனி', 'அமிலம்', 'சுமை' மூன்றும் உன் வீட்டு டிஷ்ஷில் கிடக்கின்றன.

நம் பக்கம் பெரும்பாலும் ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, சில எறும்புகளிடம் இருப்பதும் இதேதான். பாட்டிலில் உள்ளது கெட்டி ஆசிட். கையில் பட்டால் புண்ணாகும், நீ தொடாதே. அப்பா கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை விடுகிறாரா, ஆசிட்டில் தண்ணீரை விடுகிறாரா என்று மட்டும் கவனி. தண்ணீரில் ஆசிட்டை விடுவதுதான் சரி. காரணத்தைப் பாடப் புத்தகத்தில் தேடி எடுத்து அவருக்குச் சொல். ரோலரில் போட்டு எடுத்த ஷீட்டை ஏன் புகையில் தொங்கவிடுகிறார் என்பதை அவர் உனக்குச் சொல்லட்டும்.

தென்னை மரத்தின் உயரத்தை மரம் ஏறாமல் அளக்கலாம் என்கிறார்கள். முக்கோணவியல் தெரியாமல் முடியுமா?
(எட்டாம் வகுப்பு மாணவி, ராஜாக்கமங்கலம்)

முடியும். வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு நிழலை அள. 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வை. உடனே தென்னையின் நிழலையும் அள. 12 மீட்டர் என்றால், 12ஐ 0.8ஆல் வகு. மரம் 15 மீட்டர். 'உடனே' என்பதை மறக்காதே, சூரியன் காத்திருக்காது. பத்தாம் வகுப்பில் டான் தீட்டா என்று வரும்போது நீ அதை ஏற்கெனவே தோப்பில் செய்திருப்பாய்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கிறோம். வீட்டில் பாதி மலையாளம் கலந்துதான் பேச்சு. அதனால் மகனுக்குத் தமிழ்ப் பாடம் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய்)

பயப்பட வேண்டாம் அம்மா. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, திருவிதாங்கூர் காலத்தில் பள்ளியில் மலையாளம்தான் படித்தார். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியாகக் கற்றுக்கொண்டார். அவர் தமிழ் கெட்டா போயிற்று?

உங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு லாபம்கூட உண்டு. 'கரி'யையும் 'கறி'யையும் உங்கள் மாமியார் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள், இரண்டும் வேறு வேறாக ஒலிக்கும். மற்ற பல ஊர்களில் பிள்ளைகள் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் மகன் எழுதுவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். வாக்கியம் அமைப்பதில் கலப்பு வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். வீட்டில் எப்படிச் சொல்வோம், கட்டுரையில் எப்படி எழுதுவோம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே விஷயத்தை எதற்கு இத்தனை பாடமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது.
(பதினோராம் வகுப்பு மாணவி, மண்டைக்காடு)

பிரித்தால்தான் ஒவ்வொன்றையும் ஆழமாகப் பார்க்க முடியும். சேர்த்துப் பார்க்கும் வேலை நம்முடையது. உனக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி மணலையே எடுத்துக்கொள். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் என்ற உலோகம் இருக்கிறது. அந்தக் காலத்து கேஸ் விளக்கின் மேண்டில், அதாவது சுடரில் ஒளிரும் வலை, பளீரென்று எரிய தோரியம் வேண்டும். தென்னை நார் தாவரவியல், தோரியம் வேதியியல், ஏற்றுமதி பொருளாதாரம், ஜெர்மானியர் இங்கே வந்தது வரலாறு. மலைப்பாறை தேய்ந்து ஆற்றோடு கடலுக்கு வந்து, அலை அதைக் கரையில் சேர்த்தது புவியியல். ஒரு கைப்பிடி மணல்தான் இத்தனையும்.

பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். சரியா?
(ஏழாம் வகுப்பு, பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறான்)

சரியில்லை. நானும் அப்படி எடுத்திருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளைகள் கணக்கும் படிக்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விளையாட்டை நான் பறித்தது தப்பு.

வகுப்பில் சந்தேகம் கேட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன்.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, முட்டம்)

இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் உள்ளதைத் தப்புத் தப்பாக எழுதினான். கவனம் இல்லை என்று பலமுறை திட்டினேன். கடைசியில் பார்த்தால் அவனுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. 'தெரியவில்லை டீச்சர்' என்று சொல்ல அவனுக்கு ஒரு வருடம் ஆயிற்று. சொல்ல முடியாதபடி வகுப்பை வைத்திருந்தது நான்தான்.

நீ கேட்பதை விடாதே, கேட்கும் வழியை மாற்று. சந்தேகத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, வகுப்பு முடிந்து டீச்சர் வெளியே வரும்போது கொடு. 'புரியவில்லை' என்று எழுதாதே. 'நாலாவது வரி வரை புரிந்தது, ஐந்தாவதில் குறி ஏன் மாறியது?' என்று எழுது. அப்படி எழுதப்பட்ட கேள்வியை எந்த டீச்சரும் தள்ளமாட்டார். அநேகமாக மறுநாள் அதை வகுப்புக்கே பொதுவாக விளக்குவார். அப்போது பார், சிரித்தவர்களில் எத்தனை பேர் பேனாவை எடுக்கிறார்கள் என்று.

நான் அஞ்சாம் கிளாஸ்வரைதான் படித்தேன். பேத்தி ஆறாம் வகுப்பு. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் தெரியாதே?
(ஒரு பாட்டி, தோவாளை)

அக்கா, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். உட்கார்ந்து பூக் கட்டும்போது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, உங்களுக்கு விளங்காத இடத்தில் "அது எதுக்கு?" என்று கேளுங்கள். அவள் திக்கும் இடத்தில் நோட்டைத் திறந்து பார்ப்பாள். நீங்கள் ஒரு முழம் கட்டி முடிக்கும் நேரம் போதும்.