‘போடு’ வரும் இடமெல்லாம் ‘புட்’ வருமா?

கேள்வி: ‘புட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்? தமிழில் ‘போடு’ என்று சொல்லும் இடங்களிலெல்லாம் சரியாக வருமா?

வராது. ‘புட்’ வந்தால் எதை, எங்கே என்ற இரண்டு கேள்விக்கும் வாக்கியத்திலேயே பதில் இருக்க வேண்டும். "ஐ புட் தி கீ" என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்காகக் காத்திருப்பார். "ஐ புட் தி கீ ஆன் தி டேபிள்" என்றால்தான் முடிகிறது. இடத்துக்கு ‘தேர்’, ‘பேக்’, ‘அவே’ என்று ஒற்றைச் சொல் இருந்தாலும் போதும்.

நம் ‘போடு’வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், மதியம் குட்டித் தூக்கம்கூடப் போடுகிறோம். அங்கெல்லாம் ஆங்கிலம் வேறு வினையைத் தேடிப் போய்விடும்: கோலத்துக்கு ட்ரா, காபிக்கு மேக், மாத்திரைக்கு டேக், ஊசிக்கு கிவ். கையெழுத்துக்கு வெறும் ‘சைன்’ போதும்.

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஆபீஸ்களில் சகஜமாகப் புழங்கும் "ஐ ஹேவ் புட் லீவ் டுமாரோ" இந்த வகைதான். "ஐ ஆம் ஆன் லீவ் டுமாரோ" என்று எழுதுங்கள். விண்ணப்பித்தாயிற்று என்பதுதான் சேதி என்றால் "ஐ ஹேவ் அப்ளைட் ஃபார் லீவ்". ஆட்டோவில் "அண்ணா, மீட்டர் போடுங்க" என்பதற்கும் ‘டர்ன் ஆன்’தான் பொருந்தும்.

ஃபேன் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். "புட் தி ஃபேன்" தவறு. எங்கே வைப்பது என்று கேட்பார்கள். கடைசியில் ஓர் ‘ஆன்’ சேர்த்து "புட் தி ஃபேன் ஆன்" என்றால் நல்ல பிரிட்டிஷ் ஆங்கிலம்.

உடைக்கும் ‘புட் ஆன்’ உண்டு, ஆனால் அது உடுத்தும் நேரத்துக்கு மட்டும். உடுத்தி முடித்துவிட்டால் ‘வேர்’. "ஷி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஸாரி" என்றால் அவர் இன்னும் கொசுவம் மடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கல்யாண மண்டப வாசலில் நிற்பவரைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது.

‘வை’ என்பதிலும் இதே சிக்கல். பால் பாக்கெட்டை இப்போது ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்ல ‘புட்’. எப்போதும் அங்கேயே இருக்கட்டும் என்றால் ‘கீப்’. நாம் இரண்டுக்கும் ‘கீப்’ என்றே பழகிவிட்டோம்.

காலம் மாறினாலும் வடிவம் மாறாது: புட், புட், புட். அதனால் "ஹி புட்" என்று ‘ஸ்’ இல்லாமல் வந்தால் அது இறந்தகாலம். நிகழ்காலத்துக்கு "ஹி புட்ஸ்".

துணைச்சொல் சேர்ந்தால் பொருள் எங்கோ போய்விடும். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு; அடுத்து வினை வந்தால் ‘இங்’ வடிவில்தான் வரும், "புட் ஆஃப் கோயிங்". ‘இட்’ வந்தால் நடுவில் நுழையும்: "புட் இட் ஆஃப்". ‘புட் அப் வித்’ (சகித்துக்கொள்) மட்டும் பிரியாது. "புட் அப் வித் இட்" என்று கடைசியில்தான் ‘இட்’. ‘வித்’ என்பதை விட்டுவிட்டு ‘புட் அப்’ என்றால் தங்க இடம் கொடுப்பது. "வேர் ஆர் யூ புட் அப்?" என்று நம்மூரில் கேட்பது அதிலிருந்து வந்ததுதான். வெளிநாட்டவரிடம் "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?" என்றே கேளுங்கள், சட்டென்று புரியும்.