டென்ட் எடையைக் காசு கரையாமல் குறைப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

கும்பகோணத்தில் பை, குடை, டென்ட் தைத்துத் திருத்தும் வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். மலைக்கும் கடற்கரைக்கும் நானும் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவன்தான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எடையைப் பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அண்ணே, நானும் நண்பனும் கல்லூரி மாணவர்கள். இரண்டு பேர் டென்ட் ஒன்று மலிவாக வாங்கினோம். மூன்று கிலோவுக்கு மேல் இருக்கிறது. கொல்லிமலை போய் வந்ததில் தோள் கழன்றுவிட்டது. புது டென்ட் வாங்கப் பணம் இல்லை. எங்கே தொடங்குவது? (கும்பகோணம்)

தம்பி, தெரு முனை மளிகைக் கடையில் தொடங்குங்கள். அங்கே எலக்ட்ரானிக் தராசு இருக்கும். கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் போய், டென்ட்டைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தாளில் எழுதுங்கள். மொத்த எடையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.

உங்களுடையதைப் போன்ற ஒன்று சென்ற மாதம் என்னிடம் தையலுக்கு வந்தது. பிரித்து எடை போட்டேன். கொசுவலையும் தரையும் சேர்ந்த உள் டென்ட் 1,150 கிராம், மழைக்கான மேல் உறை 850, ஃபைபர் கம்பிகள் 640, டென்ட்டை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கும் பன்னிரண்டு இரும்புப் பெக் (முளை) 260, எல்லாவற்றையும் போட்டு வைக்கும் பை 130, கயிறு 100. ஆக மொத்தம் 3 கிலோ 130 கிராம்.

இதில் துணி பக்கம் கை வைக்க வேண்டாம். கொசுவலையை வெட்டுவது, மேல் உறையின் ஓரத்தைக் கத்தரிப்பது எல்லாம் அப்புறம் வருத்தப்பட வைக்கும் வேலை. பையை வீட்டிலேயே விட்டுவிட்டு, டென்ட் துணியை முதுகுப் பையின் அடியில் சும்மா அமுக்கித் திணியுங்கள். கம்பிகளுக்கு மட்டும் பழைய வேட்டித் துணியில் ஒரு நீள உறை தைத்தால் போதும், முப்பது கிராம்கூட வராது. இதில் 100 கிராம் போகும். அடுத்து பெக். பன்னிரண்டு எதற்கு? நான்கு மூலை, இரண்டு வாசல், காற்று வரும் பக்கம் இரண்டு என்று எட்டே போதும். ஒய் வடிவ அலுமினிய பெக் ஒன்று சுமார் 14 கிராம்தான். எட்டுக்கு 112. இங்கே 150 கிராம் போயிற்று. கயிற்றை மெல்லியதாக மாற்றினால் இன்னொரு 75. இவ்வளவுக்கும் பெரிய செலவு பெக்குக்கு மட்டும்தான். 325 கிராம் குறைந்துவிட்டது.

மிச்சத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் உள் டென்ட்டும் பெக்கும் கயிறும், இன்னொருவர் மேல் உறையும் கம்பியும். ஆளுக்கு ஒன்றரை கிலோ அளவில்தான் வரும். இரண்டு பேர் டென்ட்டை ஒருவரே முழுதாகச் சுமப்பதை நான் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். பங்கு போட ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு இரும்புப் பெக்கை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் நம் வயல் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் அலுமினியத்தை நேராக அடித்தால் வளையும். முதலில் இரும்பால் துளை போட்டு எடுத்துவிட்டு, அதே துளையில் அலுமினியத்தை இறக்குங்கள்.

கம்பியை அலுமினியத்துக்கு மாற்றினால் எவ்வளவு குறையும்? (மயிலாடுதுறை)

மேலே சொன்ன டென்ட்டில் இரண்டு கம்பி, ஒவ்வொன்றும் 3.6 மீட்டர். 8.5 மில்லி ஃபைபரில் 640 கிராம். அதே தடிமன் அலுமினியக் குழாயில் சுமார் 400. ஆக 240 கிராம் மிச்சம். ஆனால் இந்தப் பட்டியலிலேயே அதிகக் காசு கேட்பது இதுதான், அதனால் கடைசியில் செய்யுங்கள். ஃபைபர் கம்பி விரிசல் விட்டால் அன்றைக்கு மாற்றிக்கொள்வதே கணக்கு. நீளத்தை ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் அளந்து வாங்குங்கள். கூடினால் துணி தையலில் கிழியும், குறைந்தால் தொய்ந்து தண்ணீர் தேங்கும். உடைந்த ஃபைபரை வெறுங்கையால் தொடாதீர்கள், சிம்பு ஏறினால் எடுப்பது கஷ்டம்.

வீட்டில் நெல் காயப்போடும் களத்துத் தார்ப்பாய் இருக்கிறது. அதிலிருந்து வெட்டி டென்ட்டுக்குப் பதிலாகக் கட்டிக்கொள்ளலாமா? (மன்னார்குடி)

கட்டலாம், ஆனால் எடை குறையாது. தார்ப்பாய் வாங்கும்போது கடைக்காரர் 'எத்தனை ஜிஎஸ்எம்' என்று கேட்பார் இல்லையா? ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. களத்துக்கு வாங்குவது 200, அதற்கு மேலும் இருக்கும். மூன்றுக்கு மூன்று மீட்டர் வெட்டினால் ஒன்பது சதுர மீட்டர், அதாவது 1,800 கிராம். அதே அளவு 90 ஜிஎஸ்எம் தார்ப்பாயில் 810 கிராம். சிலிகான் பூசிய மெல்லிய நைலான் 45 ஜிஎஸ்எம் அளவில் கிடைக்கும், அதில் 405 தான். கட்டும் விதம் மூன்றுக்கும் ஒன்றே. அதனால் முதலில் 90 ஜிஎஸ்எம் வாங்கிக் கட்டிப் பழகுங்கள். பிடித்துப்போனால் நைலானுக்குப் போகலாம்.

வெட்டிய ஓரத்தில் கண் வளையம் அடிக்க வேண்டாம், பிய்ந்துகொண்டு வரும். ஒரு கோலிக்குண்டைத் தார்ப்பாயின் உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து அதைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஊர் உலகத்தில் இதற்குக் கூழாங்கல் வைப்பார்கள். நம் வண்டல் மண்ணில் கல்லைத் தேடி எங்கே போவது? கோலிக்குண்டு வழுவழுப்பாக இருப்பதால் துணியும் அறுபடாது.

நட்டு நிறுத்த மூங்கில் கம்பு போதும். நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும். ஆனால் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி நடுவில் படுக்காதீர்கள். மட்டையும் காயும் விழுவதற்குக் காற்றுகூட வேண்டியதில்லை.

நாங்கள் ஆறு பெண்கள் வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நடந்து போகிறோம். ராத்திரி மண்டபத்திலும் திண்ணையிலும் படுப்போம். ஆளுக்கொரு டென்ட் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா? (தஞ்சாவூர்)

தேவையில்லை அம்மா. தலைக்கு மேலே கூரை இருக்கும்போது மழை உறையும் கம்பியும் வீண் சுமை. உங்களுக்கு வேண்டியது கொசுவுக்கு ஒரு வழி, தரை ஈரத்துக்கு ஒரு வழி. ஒரு ஆள் படுக்கும் அளவுக்குத் தலைப்பக்கம் மட்டும் உயரமாகவும் கால்பக்கம் தாழ்வாகவும் கொசுவலை தைக்கச் சொல்லுங்கள். உள்ளூர்த் தையல்காரரே தைத்துத் தருவார். கீழ் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பருத்தித் துணி ஒட்டுப்போட்டால் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளலாம். திண்ணைத் தூணிலோ ஜன்னல் கம்பியிலோ ஒரு கயிறு கட்டித் தூக்கினால் வேலை முடிந்தது.

தரைக்கு, காய்கறித் தோட்டங்களில் பாத்தி மேலே விரிக்கும் மல்ச்சிங் ஷீட் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. 30 மைக்ரான் தடிமன், 1.2 மீட்டர் அகலம். இரண்டு மீட்டர் வெட்டினால் 70 கிராமைத் தொடாது. தோட்டம் போட்டவர்களிடம் மிச்சத் துண்டு கேட்டாலே கிடைக்கும். டென்ட்டுக்கு அடியில் விரிக்கவும் நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். அறுத்த வயலில் மட்டும் விரிக்காதீர்கள், நெல் தாள் ஊசி மாதிரி குத்திக் கிழித்துவிடும். கிழிந்ததை அங்கேயே விட்டுவிட்டு வரவும் கூடாது. அது மண்ணில் மக்காது, மாடு தின்னும்.

மார்கழியில் பூம்புகார் பக்கம் ஒரு ராத்திரி தங்கினோம். காலையில் மடித்தபோது டென்ட் வந்ததைவிடக் கனமாக இருந்தது. மழையே பெய்யவில்லை. (பாபநாசம்)

நல்ல கேள்வி. டென்ட் எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் இது. நீங்கள் சுமந்து வந்தது தண்ணீர்.

வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில் மேல் உறை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. நம் டெல்டாக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குளிர்ந்த துணியில் அது பனியாக இறங்குகிறது. உள்பக்கம் நம் மூச்சு ஈரம் வேறு. போன மார்கழியில் மேலே சொன்ன மாதிரி 850 கிராம் உறை ஒன்றை விடியற்காலையில் அப்படியே சுருட்டித் தராசில் வைத்தேன், 1,180 காட்டியது. காசு கொடுத்துக் குறைத்த 325 கிராமும் ஒரே பனியில் திரும்பி வந்துவிட்டது, பாருங்கள்.

அதனால் நான் ஈரிழைத் துண்டு ஒன்று எப்போதும் எடுத்துப் போவேன். எழுந்ததும் முதலில் கம்பியோடு டென்ட்டைப் பிடித்து நன்றாக உதறுவேன். அப்புறம் துண்டால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்து, பிழிந்து, மறுபடி துடைப்பேன். உள்பக்கமும் அப்படியே. முழு உறையையும் துடைக்கப் பத்து நிமிடம். அன்றைக்குத் துடைத்த பிறகு எடை 940. மிச்ச ஈரத்தை வழியில் டீக்கடை வாசலில் வெயில் பட விரித்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உலர்ந்துவிடும். துண்டையும் பையின் மேலே போட்டுக்கொண்டு நடந்தால் காய்ந்துவிடும்.

இடம் பார்த்து அடித்தால் பனியே பாதியாகக் குறையும். ஆற்றோரப் படுகையும் வயல் நடுவும் குளிர்ந்த காற்று வந்து தேங்கும் இடம். கொஞ்சம் மேடாக, புங்கை, பூவரசு, மா என்று இலை அடர்ந்த மரத்தடியாகப் பாருங்கள். இலைக்கூரை வானத்தை மறைப்பதால் துணி அவ்வளவு குளிராது. வாசல் ஜிப்பை மேலே ஒரு சாண் திறந்து வையுங்கள், கொசுவலை மூடியிருக்கட்டும்.

எடை குறைய உள் டென்ட்டையே விட்டுவிட்டு மேல் உறையை மட்டும் கொண்டு போகலாமா? (பட்டுக்கோட்டை)

நம் பக்கத்துக் கொசுவுக்கு வேண்டாம். மலையில் குளிர் காலத்தில் சிலர் செய்கிறார்கள். செய்தால் மேலே சொன்ன கொசுவலையை உள்ளே தொங்கவிடுங்கள்.

கடற்கரை மணலில் பெக் நிற்கவில்லை. பெரிய பெக் வாங்கினால் எடை ஏறுகிறது. கயிற்றுக்குத் துறைமுகக் கடையில் கிடைக்கும் மீன்பிடி நரம்பு போடலாமா? (நாகப்பட்டினம்)

மணலுக்குப் பெக்கே வேண்டாம். பழைய புடவைத் துணியில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பை தையுங்கள், எடை ஒன்றும் பெரிதாக வராது. அதில் மணலை நிரப்பி, பையின் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். ஆறு பை போதும். எடை முழுவதும் கடற்கரையிலேயே கிடைக்கிறது, நீங்கள் சுமப்பது வெறும் துணி. அவிழ்க்கும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்துக்கொள்ளலாம்.

நரம்பு வேண்டாம். முடிச்சு வழுக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் காலை வாரும். அதே கடையில் வலைக்கு விற்கும் 2 மில்லி முறுக்குக் கயிறு கேளுங்கள். மீட்டருக்கு சுமார் 2 கிராம், தண்ணீர் குடிக்காது. கொஞ்சம் விறைப்பானது, அதனால் முடிச்சுக்கு மேல் இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்குங்கள். டென்ட்டோடு வரும் தடித்த கயிறு பன்னிரண்டு மீட்டர் 100 கிராம் என்றால் இது 25. எடை என்று சொல்லி, காற்றுக்கு டென்ட்டை இழுத்துக் கட்டும் கயிறுகளின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள்.

கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரையில் டென்ட் அடிப்பதையே தவிருங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். அன்று சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள் எந்தக் கயிற்றையும் நம்ப மாட்டார்கள்.

கொள்ளிடம் மணல் மெத்தை மாதிரி இருக்கிறது. அங்கே அடித்தால் படுக்கை விரிப்பு எடையும் மிச்சம்தானே? (திருவையாறு)

தயவுசெய்து வேண்டாம். காவிரியில் தண்ணீர் கூடினால் அதைத் திருப்பிவிடுவதே கொள்ளிடத்தில்தான். இங்கே சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேட்டூரிலிருந்து வரும். ராத்திரியில் வந்தால் தெரியாது. கரைக்கு மேலே ஏறிப் படுங்கள்.

பரணில் வைத்த டென்ட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றம் வேறு. சிலிகான் பூசினால் சரியாகுமா? (திருவாரூர்)

ஆகாது. மலிவு டென்ட் பெரும்பாலும் பாலியஸ்டர் துணியில் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்து நாள்பட இருந்தால் அந்தப் பூச்சு சிதைந்து ஒட்டும், உரியும். அதன் மேல் சிலிகான் பிடிக்காது. என் முதல் டென்ட்டை நான் இப்படித்தான் இழந்தேன். மழையில் நனைந்ததைச் 'சாயங்காலம் காய வைக்கலாம்' என்று பரணில் ஏற்றி, இரண்டு மாதம் மறந்துவிட்டேன். இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. உங்கள் உறையை இனி மழைக்கு நம்ப வேண்டாம். கொசுவலையும் கம்பியும் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு, மேலே 90 ஜிஎஸ்எம் தார்ப்பாய் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த டென்ட்டை நிழலில் இரண்டு நாள் காய வைத்து, இறுக்கிச் சுருட்டாமல் பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுக் காற்றாடும் இடத்தில் மாட்டுங்கள்.

ஒன்பது வயது மகளையும் கூட்டிப் போகிறேன். அவளும் ஏதாவது சுமக்க வேண்டும் என்கிறாள். எதைக் கொடுப்பது? (வலங்கைமான்)

பெக் பையைக் கொடுங்கள். எட்டு அலுமினியமும் ஒரு இரும்பும் சேர்த்து 150 கிராம்கூட இல்லை. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி நாடா கட்டிவிடுங்கள், புல்லில் தொலையாது. காலையில் ஒன்பதும் இருக்கிறதா என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பும் அவளுடையதாக இருக்கட்டும். அவள் 'ஒன்பது' என்று சொன்ன பிறகு கிளம்புங்கள்.