கல் வைத்து நிறுத்திய லாரி

கேள்வி: கல்லூரி விழாவில் என் மகன் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடினான். மழை இரவில் கார் மோதி, காதலன் கையிலேயே காதலி உயிர் விடுகிற பாட்டு. அரங்கமே கைதட்டியது. அண்ணனைச் சாலை விபத்தில் பறிகொடுத்த என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். சாவை விற்றுக் காசாக்கும் இப்படிப்பட்ட பாட்டுகளைத் தடை செய்ய வேண்டாமா?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் எழுந்து போனதில் ஒரு தவறும் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் உங்களோடு வெளியே வந்து நின்றிருப்பேன். ஆனால் தடை கேட்கிறீர்களே, அதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

தடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. கார்ப் பந்தயத்தில் இறக்கும் இளைஞன் காதலிக்குச் செய்தி சொல்லி அனுப்பும் 'டெல் லாரா ஐ லவ் ஹர்' என்ற பாட்டு 1960-இல் ரே பீட்டர்சன் குரலில் அமெரிக்காவில் பரவியது. பிரிட்டனில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட மறுத்தது. அதே ஆண்டு ரிக்கி வேலன்ஸ் என்ற வேல்ஸ் பாடகர் அதையே பாட, அங்கே முதலிடத்துக்குப் போய்விட்டது. சாவைப் பாடி விற்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கமும் அல்ல. நடந்த கொலையைக் கதையாகச் சொல்லும் கொலைச்சிந்து பாடிப் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் நம் ஊர்ச் சந்தைகளில் இருந்தார்கள். ரயில் விபத்துக்கும் சிந்து கட்டினார்கள்.

உங்கள் மகன் பாடியது 'லாஸ்ட் கிஸ்', அதாவது 'கடைசி முத்தம்' என்ற பாட்டாகத்தான் இருக்க வேண்டும். வேய்ன் காக்ரன் 1961-இல் பாடியது. 1964-இல் ஜே. ஃபிராங்க் வில்சன் குழுவினர் பாடியபோது அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம். 1999-இல் பேர்ல் ஜாம் குழு பாடியபோதும் இரண்டாம் இடம். இரண்டாம் முறை வந்த பணம் கொசோவோ அகதிகளுக்குப் போனது.

அந்தப் பாட்டில் எல்லாரும் முத்தத்தையே கேட்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் வருவதுதான் முக்கியம். வழியில் ஒரு கார் பழுதாகி நிற்கிறது. பையனால் நிறுத்த முடியவில்லை, ஸ்டியரிங்கை ஒடிக்கிறான். அந்தக் காரை நடுச்சாலையில் விட்டது யார் என்று பாட்டு கேட்பதே இல்லை. ஆண்டவன் அவளை எடுத்துக்கொண்டான் என்று சொல்லிச் சொர்க்கத்துக்குத் தாவிவிடுகிறது. என் கோபம் அந்தத் தாவலின் மேல்தான். 'டெட் மேன்ஸ் கர்வ்' என்று 1964-இல் கார்ப் பந்தய விபத்தைப் பாடிய இருவரில் ஒருவர் ஜான் பெரி. 1966-இல் அவருடைய கார் பெவர்லி ஹில்ஸில் நின்றுகொண்டிருந்த டிரக்கில் மோதி, மூளையில் அடிபட்டு, பேச்சையும் நடையையும் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. அங்கும் நின்ற வண்டிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், இழவு வீட்டில் இருந்தேன். டெம்போ ஓட்டிய இளவயதுப் பையன். அவனுடைய அத்தை, திருநெல்வேலிப் பக்கத்தவர், தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். உடன் போன கிளீனர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. திறக்காமலே திரும்பி வந்த டிபன் பாக்ஸைப் பாடினார். விடியற்காலை மூன்று மணியைப் பாடினார். பின்விளக்கு எரியாமல் நின்ற லாரியைப் பாடினார். அதன் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லையும் பாடினார். பிறகு விபத்து நடந்த இடத்தைப் பற்றிச் சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதிய பஞ்சநாமாவைப் படித்தேன். பையன் வேகமாக ஓட்டினான் என்று இருந்தது. விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல்லைப் பற்றியும் இல்லை.

அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் நாங்கள் எல்லாரும் 'விதி' என்றோம். உள்ளே அழுத அந்த அம்மா ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை.

புறநானூற்றின் 256-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கணவனோடு பல பாலை வழிகளைக் கடந்து வந்து அவனை இழந்தவள், இறந்தவரைப் புதைக்கும் தாழி செய்யும் குயவனிடம் எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். அந்த நிலையிலும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை ஒட்டிக்கொண்டு வரும் சிறு வெண்பல்லி போல அவனோடு வந்தேன் என்று சொல்ல அவளுக்கு முடிகிறது. துக்கத்தால் கண் மங்கிவிடும் என்று யார் சொன்னது?

2022-இல் மட்டும் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தாகும்படி வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே தடை கேட்பதானால், இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்குக் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. எந்தச் சாலை, என்ன நேரம், எதிரே என்ன இருந்தது, கையில் என்ன வைத்திருந்தார் என்று உங்கள் மகனுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அன்று வேறு பாட்டைத் தேர்ந்தெடுத்திருப்பான். அவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பாடத் தெரிந்த பிள்ளை அவன். எனக்கும் எழுதுங்கள்; பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.