உலர்த்திப் பெட்டிக்கு எந்தக் காந்தம்?

கேள்வி: மோர்மிளகாயும் வடகமும் உலர்த்த என் மகன் செய்து கொடுத்த மின்பெட்டியின் கதவுக்கு, ‘வெப்பம் தாங்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் என்52 காந்தங்களை வாங்கினோம். கதவருகே சூடு 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். சில வாரங்களிலேயே பிடி தளர்ந்துவிட்டது. பூச்சு உரிந்து கருந்தூள் உதிர்கிறது. விற்றவரோ, பல மடங்கு விலையுள்ள சமாரியம்-கோபால்ட் காந்தத்தை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வேண்டாம். உங்களுக்கு வந்தவை போலிக் காந்தங்களாக இருக்க வேண்டியதில்லை. என்52 என்பது நியோடைமியம் காந்தத்தின் ஒரு வகை. அசல் என்52 காந்தமும் இந்தச் சூட்டில் இப்படித்தான் ஆகும்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்த நியோடைமியம் காந்தம், 2 நியோடைமியம், 14 இரும்பு, 1 போரான் என்ற விகிதத்தில் அணுக்கள் இணைந்த அரிய மண் சேர்மமாகும். அது காந்தத்தன்மையை அடியோடு இழப்பது ஏறத்தாழ 310 டிகிரியில்தான் என்றாலும், சூடு ஏற ஏற, காந்தத்தன்மையைக் குலைக்கும் எதிர்க் காந்தப்புலத்தைத் தாங்கும் திறன் வேகமாகக் குறைவதால், பின்னொட்டு எழுத்து இல்லாத சாதாரண வகைகளுக்குப் பொதுவாக 80 டிகிரியையே வரம்பாகக் கொள்கிறார்கள். மெல்லிய வில்லைகள் அதற்கும் முன்பே தளரக்கூடும். என்52 போன்ற பெயரில் உள்ள எண் வலிமையை மட்டுமே சொல்லும். வெப்பத்தைச் சொல்வது அதன் பின்னால் வரும் எழுத்துதான்: எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்எச் என்றால் 150 டிகிரி. உயர் வகைகளில் டிஸ்புரோசியம் போன்ற வேறு அரிய மண் தனிமங்களைச் சேர்ப்பதால் விலையும் கூடுகிறது.

கருந்தூள் அரிப்பின் அடையாளம். நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால், உப்பு கலந்த ஈரம் உள்ளே புகுந்து நியோடைமியம் மிகுந்த பகுதிகளை முதலில் தின்றுவிடும். உணவுக்கு அருகில் தூள் உதிர்வதால் அவற்றை இன்றே கழற்றிவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும்.

சமாரியம்-கோபால்ட் 250 டிகிரிக்கு மேலும் தாங்கும். பூச்சில்லாமலேயே அரிப்பை எதிர்க்கும். ஆனால் எளிதில் உடையும். அறைந்து சாத்தும் கதவுக்கு அவ்வளவு பணம் போடுவது வீண். இரும்பு ஆக்சைடு கலந்து செய்யும் கறுப்பு நிறப் பெரைட் காந்தம் துருப்பிடிக்காது, 200 டிகிரியிலும் வேலை செய்யும், விலையும் மலிவு. வலிமை குறைவு என்பதால் பெரிய அளவில் வாங்குங்கள். வெளிப்பக்கம் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது.

‘வெப்பம் தாங்கும்’ என்று விளம்பரம் செய்த பொருள் அந்த விவரிப்புக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. விளம்பரப் பக்கத்தையும் கட்டண ரசீதையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். விற்றவர் மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் மனுச் செய்யலாம்.