மூன்றாம் கிளாரினெட்டின் நாற்காலி

தன்னார்வலர்களே நடத்தும் காற்றிசை பேண்ட் ஒன்றில் 18 வருடமாக மூன்றாம் கிளாரினெட் வாசிக்கிறேன்; முதல் கிளாரினெட்டின் மெட்டுக்கு அடியில் துணையாக ஒலிக்கும் பாகம் அது. சேர்ந்தபோது எனக்கு 43 வயது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளி நாட்களில் கிளாரினெட் வாசித்தேன். 25 வருடமாகத் தொடவே இல்லை. இப்போது ஒரு பேண்டில், ‘தேர்வெல்லாம் கிடையாது, வாருங்கள்’ என்கிறார்கள். போனால் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருப்பேனோ?

தயங்காமல் போங்கள். விரல்களுக்குப் பழைய பாடம் சீக்கிரமே ஞாபகம் வந்துவிடும். உதடுதான் மறந்திருக்கும். பத்து நிமிடத்தில் வாயோரம் தளர்ந்து காற்று ஒழுகும். முதல் ஒத்திகைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் 15 நிமிடம் நீண்ட சுரங்களை மட்டும் பிடித்துப் பழகுங்கள். பழைய ஞாபகத்தில் 3-ஆம் நம்பர் ரீட் (ஊதுமுனையில் பொருத்தும் நாணல் தகடு; எண் கூடினால் விறைப்பும் கூடும்) வாங்க வேண்டாம். 2 அல்லது 2½ போதும்.

பெட்டியைத் திறந்ததும் இணைப்புகளில் இருக்கும் கார்க்கையும், துளைகளை மூடும் பேட்களையும் பாருங்கள். காய்ந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். என் கருவியில் ஒரு பேட் சரியாக மூடவில்லை. அது தெரியாமல் என் மூச்சில்தான் குறை என்று நினைத்து இரண்டு மாதம் வேதனைப்பட்டேன்.

அப்புறம், முதல் ஒத்திகையிலேயே தாளில் இருப்பதையெல்லாம் வாசிக்க நினைக்காதீர்கள். வேகமான இடங்களில் ஒவ்வொரு தட்டிலும் விழும் முதல் சுரத்தை மட்டும் பிடியுங்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் விடும் சுரத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் வாசித்துவிடுவார். தவறான இடத்தில் விழும் சுரம்தான் கடைசி வரிசை வரை கேட்கும்.

கேள்வி: பேண்ட் மாஸ்டர் ‘பி ஃபிளாட் கொடுங்கள்’ என்கிறார். என் பக்கத்தில் இருப்பவரோ ‘நீ ஸி வாசி’ என்கிறார். எது சரி?

இரண்டுமே சரி. பாடகர்களுக்குக் கட்டை இருக்கிறதல்லவா? ஒருவர் 1 கட்டையில் பாடுவார், இன்னொருவர் 5 கட்டையில் பாடுவார். இருவருக்கும் பெயர் ‘ச’தான், ஒலிக்கும் சுருதி வேறு. பி ஃபிளாட் கிளாரினெட்டில் ஸி என்று எழுதியதை வாசித்தால் பி ஃபிளாட் ஒலிக்கும். ட்ரம்பெட்டுக்கும் அப்படித்தான். அதே ஒலிக்கு ஆல்டோ சாக்ஸபோன்காரர் ஜி வாசிப்பார். புல்லாங்குழலும் ட்ராம்போனும் எழுதியபடியே ஒலிக்கும்.

ஒன்று கவனியுங்கள். குளிர்ந்த கருவியில் சுருதி இறங்கியிருக்கும், மூச்சுச் சூட்டில் மெல்ல ஏறும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே சுருதி சேருங்கள்.

கேள்வி: எனக்கு மூன்றாம் பாகம் கொடுத்திருக்கிறார்கள். மெட்டே வருவதில்லை. இதற்குப் போகத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஒரு நாள் ஒத்திகையில், மெதுவான ஒரு பகுதியில் மூன்றாம் பாகம் வாசிக்கும் எங்கள் மூவரை மட்டும் நிறுத்தச் சொன்னார் பேண்ட் மாஸ்டர். மெட்டு அப்படியே இருந்தது. ஆனால் அடியில் இருந்த கதகதப்பு போய், முழு பேண்டும் மெலிந்து கேட்டது. மறுபடி எங்களைச் சேரச் சொன்னார். முன்வரிசை முதல் கிளாரினெட்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். அதன் பிறகு வேறு நாற்காலி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-இல் இராணுவ பேண்டுக்கென்றே எழுதிய ஈ ஃபிளாட் இசைத் தொகுப்பைக் (சூட்) கேளுங்கள். அதன் முதல் பகுதியில் எட்டே பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு மெட்டை முதலில் டியூபா, யுஃபோனியம் என்ற தாழ்ந்த சுருதிப் பித்தளைக் கருவிகள்தான் வாசிக்கும். மேலே எழும்புவதெல்லாம் அந்த அடித்தளத்தின் மேல்தான்.

கேள்வி: சம்பளமா தருகிறார்கள்? ஒத்திகைக்கு அவ்வப்போது மட்டம் போட்டால் என்ன?

சம்பளம் இல்லாததால்தான் போடக் கூடாது. மற்றவர்களும் தங்கள் மாலை நேரத்தைக் கொடுத்துத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 30 பார், 40 பார் என்று நீண்ட ஓய்வு வருகிறது. எண்ணிக்கை தவறிவிடுகிறது. என்ன செய்ய?

ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் அந்தப் பாரின் எண்ணைச் சொல்லுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு. பாருக்கு ஒரு விரலாக முழங்காலில் மடக்கிக்கொண்டே போனால் கண் பேண்ட் மாஸ்டர் மேலேயே இருக்கும்.

அதோடு காதும் வேண்டும். என் முதல் கச்சேரியில் 34 பார் ஓய்வு. நடுவில் தாளவாத்தியப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், எண்ணிக்கை போய்விட்டது. ஓபோ தனியாக, மிக மென்மையாக வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் நான் இரண்டு பார் முன்னதாகவே நுழைந்துவிட்டேன். இரண்டே சுரம்தான், அரங்கம் முழுக்கக் கேட்டது.

கச்சேரி முடிந்ததும் அந்த ஓபோ வாசித்த அம்மா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். ‘உங்கள் தாளைக் கொடுங்கள்’ என்று வாங்கி, ஓய்வுக் குறிக்கு மேலே பென்சிலால் எழுதினார்: ‘ஓபோ உச்ச சுரத்தைத் தொட்டபின் 2 பார்.’ எந்த ஒத்திகைக்கும் பென்சில் இல்லாமல் போகாதீர்கள். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது குறிப்புகளை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த ஒரு வரியை மட்டும், அடுத்து வாசிப்பவருக்கு உதவட்டும் என்று கேட்டு, அழிக்காமல் கொடுத்தேன்.